மூன்று கார்கள், நாற்பது வருடம், தூத்துக்குடி உப்புக்காற்று

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று கார்கள். அப்பா 1984-இல் பழசாக வாங்கிய பெட்ரோல் கார், நான் 1996-இல் வாங்கிய மாருதி 800, இப்போது 2017 மாடல் ஹேட்ச்பேக் ஒன்று. முதலாவது, மூன்றாவது இரண்டின் பெயரும் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன்.

அப்பாவின் காரில் கொடைக்கானல் போனது மறக்காது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இன்ஜின் இருமும், அப்புறம் நின்றுவிடும். அப்பா பானட்டைத் தூக்கி, இன்ஜினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது. அரைமணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும். அதற்கென்றே ஒரு பழைய வேட்டித்துண்டு டிக்கியில் கிடக்கும். இப்போது பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து அழுத்தத்தோடு தள்ளுகிறது. என் மகனிடம் ஈரத்துணி வைத்தியத்தைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறான்.

மாருதி 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர். காலையில் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழை) இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடானதும் உள்ளே தள்ள வேண்டும். அது பிடித்த அடம் அவ்வளவுதான். 16 வருடம், 1,40,000 கிலோமீட்டர், இன்ஜினைப் பிரித்ததே இல்லை.

"அந்தக் காலத்துத் தகடு மாதிரி வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தகடு கனம்தான். ஆனால் எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் அது துருப்பிடித்துவிடும். அப்பாவின் காரில் ஓட்டுநர் பக்க ரப்பர் மேட்டைத் தூக்கினால் எட்டணா அளவு ஓட்டை வழியாக ரோடு தெரியும். மழையில் அப்பாவின் கால் நனையும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிங்கரிடம் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. இன்றைக்கு முழு பாடியையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் பூசி எடுக்கிறார்கள். எங்கள் ஹேட்ச்பேக்கின் அடியில் இதுவரை துரு இல்லை. இடித்தால் முன்பக்கம் அப்பளமாகிறது என்பதும் குறையல்ல. அது நசுங்கினால்தான் மோதலின் வேகம் உள்ளே இருப்பவர் மேல் முழுசாக இறங்காது. அதற்காகப் புதுசெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2014-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை ஏர்பேக் இல்லாமல் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்குமே பூஜ்ய நட்சத்திரம்.

இப்போதைய காரில் என் புலம்பல் வேறு. ஒருநாள் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது, வளையம் கல்லாய்க் கனத்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே சென்சார் போயிருக்கிறது, அதைத் தனியாகத் தர மாட்டார்கள், முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். 34,000 ரூபாய். வாரண்டி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடுத்த கார் வாங்கும்போது நீட்டிப்பு வாரண்டிக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுவேன்.