சுழலும் தட்டும் ஊதா லேசரும்: இரண்டு வருடப் புழக்கத்துக்குப் பின்

இருட்டறையில் ஒரு தட்டு மெதுவாகச் சுற்றும். அதன்மேல் லேசர் புள்ளியை நகர்த்தினால், போன இடமெல்லாம் பச்சைக் கோடு ஒளிர்ந்து நிற்கும். இதை நானே வீட்டில் செய்து இரண்டு வருடமாகிறது.

முதலில் பழைய டேபிள் ஃபேன் மோட்டாரில் தட்டை மாட்டினேன். வீண் வேலை. அந்த வேகத்தில் லேசரை எப்படி ஆட்டினாலும் வட்டம்தான் விழும். அப்புறம் மைக்ரோவேவ் அடுப்பில் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் மோட்டாரைத் தனியாக வாங்கினேன். நிமிடத்துக்கு 6 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 10 விநாடி. அதற்குள் விளிம்புக்கு விளிம்பு, மையத்தின் வழியாக, லேசர் 3 முறை போய்வந்தால் 3 இதழ்ப் பூ. 2 முறை போய்வந்தால்? 4 இதழ்! இதை முதலில் கவனித்தவள் என் மகள். காரணம் புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒற்றைப்படையாகப் போய்வந்தால், தட்டு பாதி சுற்றியதுமே பூ முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் லேசர் போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போகிறது.

தட்டின் மேல் பூச்சு, ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடி: ஒளியை உள்வாங்கி, பிறகு இருட்டில் பச்சையாக ஒளிரும் பொருள். 405 நானோமீட்டர் அலைநீள ஊதா லேசருக்கு உடனே ஒளிரும். சிவப்பு லேசரைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. முதல் தட்டுக்குப் பொடியைத் தண்ணீர் கலந்த பெயின்டில் குழைத்தது என் தவறு. பொடிக்கு ஈரம் ஆகாது, சில மாதத்தில் மங்கிவிட்டது. இரண்டாவது தட்டுக்கு வெள்ளை பிரைமர் அடித்து, எபாக்ஸியில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கலந்து பூசினேன். ஒன்றரை வருடமாக அப்படியே இருக்கிறது.

லேசர்தான் தலைவலி. 5 மில்லிவாட் என்று ஒட்டியிருந்ததை நண்பரின் மீட்டரில் வைத்துப் பார்த்தால் பல மடங்கு காட்டியது. ஊதா ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதனால் ஆபத்தும் உறைக்காது. தட்டின் நடுவிலிருந்த பளபளப்பான நட்டில் பட்டு ஒருநாள் சுவரெல்லாம் தெறித்தது. அன்றே நட்டுக்குக் கறுப்பு மேட் பெயின்ட் அடித்தேன். இப்போது லேசரை நான் மட்டும், அதற்குரிய கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். பிள்ளைகளுக்கு, ஓட்டை போட்ட அட்டை ஒட்டிய யூவி (புற ஊதா ஒளி) டார்ச். கோடு கொஞ்சம் தடிமன், பரவாயில்லை.

இன்னொன்று: இந்த வகை மோட்டார் சுவிட்சைப் போட்டதும் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்லவே முடியாது. இடமா வலமா என்று பிள்ளைகள் தினமும் பந்தயம் கட்டுகிறார்கள்.