ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு மிஷலின் எக்ஸ்இஸட்எக்ஸ் டயர் போட்டாச்சு: திருப்தி

பழைய டயர்களைக் கழற்றும்போது பார்த்தவர்கள் எல்லாரும் "பட்டன் அப்படியே இருக்கே, ஏன் மாத்துறீங்க" என்றுதான் கேட்டார்கள். பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் வரிகள், இருந்தது உண்மைதான். ஆனால் இந்த மாதிரி பழைய கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், அதனால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிப்போகிறது. பக்கச் சுவரை விரலால் விரித்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள், நகம் வைத்து அழுத்தினால் பதியவே இல்லை.

நான் போட்டது 165 எஸ்ஆர் 15: அகலம் 165 மில்லிமீட்டர், ஆர் என்றால் ரேடியல் (உள்ளே இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை), ரிம் 15 அங்குலம். பக்கச் சுவர் உயரத்துக்கான எண் இல்லையே என்று குழம்ப வேண்டாம், பழைய ரேடியல் அளவுகளில் அது இல்லாவிட்டால் அகலத்தில் சுமார் 80 சதவீதம் என்று கணக்கு. எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை, பீட்டிலுக்குத் தாராளம்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று பலரும் சொல்வார்கள். பீட்டிலுக்கு வேண்டவே வேண்டாம். 185/60 (அகலம் 185, பக்கச் சுவர் அதில் 60 சதவீதம்) போட்டால் டயரின் விட்டம் 6 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து வருவதால் முள் கூடுதலாகக் காட்டும், பின்பக்கமும் அதையே போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பவர் ஸ்டியரிங்கும் கிடையாது, பார்க் பண்ணும்போது கை ஓய்ந்துவிடும்.

எக்ஸ்இஸட்எக்ஸில் ஸ்டியரிங் லேசாக இருக்கிறது, குண்டு குழியில் உயரமான பக்கச் சுவரே பாதி அடியை வாங்கிக்கொள்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது வளைவில்தான்: பிடிப்பு திடீரென்று போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, சுதாரிக்க நேரம் கிடைக்கிறது. இன்ஜின் பின்னால் இருக்கிற வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? காற்று முன்னால் 18, பின்னால் 27 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். காற்று அடிப்பவர் நாலுக்கும் 30 வைக்கட்டுமா என்பார், விடாதீர்கள்.

விலை சாதாரண டயரைவிட நிறையவே அதிகம். தினமும் ஓட்டுகிறவர்கள் சாதாரண 165/80 ஆர்15 கிடைத்தால் அதையே போடலாம், அளவு சரியாக இருந்தால் போதும்.

எதை வாங்கினாலும் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்களைப் பார்த்து வாங்குங்கள். 3524 என்றால் 2024ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. மெதுவாக விற்கும் சரக்கு என்பதால் கிடங்கிலேயே பழசாகியிருக்கும். இப்போது ஓடுவது கிராஸ்பிளை (இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும் பழைய வகை) என்றால் நாலையும் ஒன்றாகவே மாற்றுங்கள், முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் இருந்தால் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ரிம்மைத் தடவிப் பாருங்கள், டயர் விளிம்பு நழுவாமல் பிடிக்கிற மேடு உள்ளே இல்லையென்றால், டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் ரேடியலுக்கான டியூப் போட்டே ஆக வேண்டும்.