டிஎன்ஈசி பவர்சாயில் ப்ரோ கிட்: மலம், சாணத்துக்கு வாங்கலாம், இலைக்கு யோசிக்கணும்

சாம்பிளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கிட் இது. பெயரில்தான் மண் (சாயில்). குடல் நுண்ணுயிர் ஆய்வில் மலம், சாணம், மாட்டின் ரூமன் (முதல் இரைப்பை) திரவம் எல்லாவற்றுக்கும் இந்தக் கிட் பரவலாக ஓடுகிறது. அமெரிக்காவின் மனித நுண்ணுயிரித் திட்டம் எடுத்துக்கொண்டது இதன் மூத்த வடிவத்தை. அப்போது அது மோ பயோ நிறுவனத்துச் சரக்கு. பிறகு கியாஜென் அந்த நிறுவனத்தை வாங்கியது. இப்போது கையில் கிடைப்பது ப்ரோ.

கிட்டின் உயிர் முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. சிறு மணிகள் போட்ட டியூபில் 250 மி.கி. வரை சாம்பிள், மேலே 800 மைக்ரோலிட்டர் சிடி1 (கிட்டில் வரும் செல் உடைப்புத் திரவம்), வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியின் அடாப்டரில் படுக்கையாகப் பொருத்தி முழு வேகத்தில் 10 நிமிடம். அளவுக்கு மேல் திணித்தால் மணிகள் உருள இடமிருக்காது. டிஎன்ஏ கூடுவதற்குப் பதில் குறையும். அடாப்டரில் 12 டியூபுக்கு மேல் ஏற்றினால் இன்னும் 5 முதல் 10 நிமிடம் கூட்டணும். அடாப்டர் இல்லாமல் டியூபை டேப் ஒட்டி ஒப்பேற்றுகிறவர்கள் கவனிக்க: டேப் தளர்ந்தால் பிஃபிடோபாக்டீரியம் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த சுவர் உடையாது. டிஎன்ஏ சீக்வென்ஸ் (எழுத்து வரிசை) பார்க்கும்போது சுவர் மெலிந்த பாக்டீராய்டிஸ் பெருகியதுபோலத் தெரியும், பிஃபிடோபாக்டீரியம் குறைந்ததுபோலத் தெரியும். நோயாளியின் குடலில் ஒன்றுமே மாறியிருக்காது.

பிசிஆரை (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் வேலையை) கெடுக்கும் தடுப்பான்களை வீழ்படிவாக்குவது சிடி2 திரவம். ஃப்ரிட்ஜில் 2–8 டிகிரியில் இருக்கணும். 200 மைக்ரோலிட்டர் விட்டு, 15,000 ஜி-யில் ஒரு நிமிடம் சுற்றியதும் அடியில் படிவு நிற்கும். மேல் திரவத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும் பேராசை வேண்டாம். படிவு துளி வந்தாலும் பிசிஆர் படுத்துவிடும். டிஎன்ஏவைச் சவ்வில் ஒட்டவைக்கும் சிடி3-இல் உப்பு படிந்திருந்தால் 60 டிகிரியில் கரைத்துவிட்டு எடுங்கள்.

சி5 எத்தனால் கழுவல். அதற்குப் பின் புது டியூபில் 2 நிமிட வெறும் சுற்றைத் தவிர்த்தால் எத்தனால் தங்கிவிடும், ஜெல்லில் ஏற்றும்போது சாம்பிள் குழியில் தங்காமல் மிதந்து வெளியேறும். கடைசியில் டிஎன்ஏவைச் சவ்விலிருந்து கழற்றும் சி6-ஐ 50 முதல் 100 மைக்ரோலிட்டர், சவ்வின் நடுவில் சொட்டுங்கள். டிஎன்ஏ அளவைக் க்யூபிட்டில் (ஒளிரும் சாயத்தால் அளக்கும் கருவி) பாருங்கள். இந்த வேலைக்கு ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

வேரடி மண்ணுக்கும் நன்றாக வேலை செய்யும். இலைக்குள் வாழும் பாக்டீரியாவுக்கு வாங்குவதானால் ஒன்று தெரிந்திருக்கணும்: பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீன் இலையின் பசுங்கணிகத்திலும் உண்டு, அதுவும் சேர்ந்தே வரும், வரும் ரீடுகளில் (படிக்கப்படும் டிஎன்ஏ துண்டுகளில்) பெரும்பங்கை அதுவே விழுங்கும். பிசிஆரில் பிஎன்ஏ கிளாம்ப் (பசுங்கணிக ஜீனில் ஒட்டி நகலெடுப்பை மறிக்கும் செயற்கை இழை) போட்டு அதைத் தடுக்கணும், கிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நானோபோர் சீக்வென்சரில் மிக நீண்ட ரீடு வேண்டுமென்றால் வேறு கிட் பாருங்கள். மணிகள் டிஎன்ஏவை நறுக்கிவிடும்.

கழிவில் ப்ளீச் ஊற்றவே கூடாது. கிட் திரவங்களிலுள்ள குவானிடின் உப்போடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

ஒவ்வொரு தொகுதியிலும் சாம்பிள் போடாத ஒரு டியூப் கட்டாயம். கிட்டுகளிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருப்பதை 2014-இல் சால்ட்டர் குழு காட்டியது. மலத்தில் அது அமுங்கிப்போகும், திசுத் துணுக்கு போன்ற மெலிந்த சாம்பிளில் அதுவே கதாநாயகன். சைமோ நிறுவனம் விற்கும், கலவை விகிதம் முன்பே தெரிந்த மாதிரிச் சமூகத்தையும் (8 பாக்டீரியா, 2 ஈஸ்ட்) ஒரு டியூபில் ஓட்டினால் மணி வேலை ஒழுங்காக நடந்ததா என்று தெரிந்துவிடும். 50, 250 சாம்பிளுக்கு என இரண்டு பெட்டி அளவுகள் உண்டு. ஓர் ஆய்வை ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதிக் கிட்டில்) முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் நோயாளி சாம்பிளையும் ஆரோக்கியமானவர் சாம்பிளையும் ஒவ்வொரு லாட்டிலும் கலந்தே ஓட்டுங்கள்.