ஃபோம் ஜாக்கெட்டா, காற்று நிரம்பும் ஜாக்கெட்டா?

படகு கிளம்பியதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கேட்டால் "புழுக்கமா இருக்கு" என்பார்கள். தண்ணீரில் விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வது நடக்கிற காரியமா? அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023 கணக்கில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஆகவே, எதை நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டிருப்பீர்கள் என்பதிலிருந்துதான் தேர்வைத் தொடங்க வேண்டும்.

அந்த வகையில் காற்று ஜாக்கெட் ஒரு படி மேல். கழுத்தைச் சுற்றி மார்புவரை இறங்கும் மெல்லிய பட்டை, அவ்வளவுதான். உள்ளே சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். தானியங்கி வகையில் ஒரு மாத்திரை தண்ணீர் பட்டுக் கரையும்; ஊசி சிலிண்டரைத் துளைக்கும்; சில விநாடிகளில் பை உப்பிவிடும். 150 நியூட்டன் என்று போட்டிருந்தால் சுமார் 15 கிலோ மிதப்பு. மயங்கியவரைக்கூடப் பெரும்பாலும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிவிடும். 50 நியூட்டன் ஃபோம் ஜாக்கெட்டிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. அது நீந்தத் தெரிந்தவருக்கான துணை மட்டுமே.

ஆனால் காற்று ஜாக்கெட்டைப் பராமரிக்க வேண்டும். ஒருமுறை என்னுடையதைப் பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் மரை கழன்று பாதியில் நின்றது. விரலால் தொட்டதுமே சுழன்றது. எத்தனை பயணம் அதை நம்பிப் போனேனோ! அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்க்கிறேன். சிலிண்டரின் மேல் பொறித்த எடையைத் தராசில் சரிபார்க்கிறேன். துரு பிடித்திருந்தால் மாற்றிவிடுவேன்; அது பையை உரசி ஓட்டை போடும்.

ஃபோமில் இந்தக் கவலை எதுவும் இல்லை. கிழியாமல், நைந்துபோகாமல் இருந்தால் போதும், விழுந்த நொடியே மிதக்கும். கயாக் போல அடிக்கடி நனையும் படகுக்கு அதுதான் சரி. தானியங்கியோ அலை தெறித்தாலே வெடித்து உப்பிவிடலாம். நீச்சல் தெரியாதவருக்கும், எப்போதோ ஒருமுறை வரும் விருந்தினருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபோமைத்தான் கொடுப்பேன்; ஆனால் நீச்சல் தெரியாதவருக்கு 50 நியூட்டன் போதாது, அதைவிட மிதப்பு கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காற்று ஜாக்கெட்டுக்கு வழக்கமாக அனுமதியே கிடையாது.

சரி, காற்று ஜாக்கெட்தான் என்று முடிவு செய்தால் கயிறு இழுக்கும் வகையா, தானியங்கியா? குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், கை சொன்னபடி கேட்காது. அப்போது கயிற்றைத் தேடச் சொல்வது கொடுமை. அதனால் திறந்த படகில் தானியங்கிதான் என் தேர்வு. மூடிய அறைக்குள் இருக்கும்போது மட்டும் அது ஆபத்து. படகு கவிழ்ந்தால் உப்பிய ஜாக்கெட் ஆளை மேலே அழுத்தி, வாசல் வழியே மூழ்கி வெளியேற விடாது.

எதை வாங்கினாலும் கால்களுக்கு இடையே போகும் பட்டையைப் போடுங்கள். குழந்தைக்கு மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய அளவு.