வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய ரீப்பர் போதுமா?

எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: மைக் முன்னால் உட்கார்ந்து பாடப்போகிறீர்களா, இல்லை கீபோர்டையும் லூப்களையும் (திரும்பத் திரும்ப ஓடும் சத்தத் துண்டுகள்) வைத்துப் பாட்டைக் கட்டப்போகிறீர்களா? இரண்டாவது என்றால் எஃப்எல் ஸ்டூடியோவையோ ஏபிள்டன் லைவையோ பாருங்கள், பீட் போடுவதில் அவற்றின் வேகம் வேறு எதற்கும் வராது. ஆனால் குரல், வயலின், மிருதங்கம், கிட்டார் என்று நிஜமான சத்தத்தைப் பிடித்து மிக்ஸ் செய்வதுதான், அதாவது அளவாகக் கலப்பதுதான், வேலை என்றால், கையில் சாதாரண விண்டோஸ் லேப்டாப்பும் கொஞ்சம் பணமும்தான் இருக்கிறது என்றால், என் பதில் ரீப்பர்தான். வெகுநாளாக இதில்தான் வேலை செய்கிறேன்.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். பிரவுசிங் சென்டர் காலத்தில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடிய வினாம்ப்பை உருவாக்கியவர் அவர்தான். இப்போது காக்கோஸ் என்ற சின்னக் கம்பெனியில் இருந்து ரீப்பரைக் கொடுக்கிறார். அந்த வினாம்ப் குணம் இதிலும் இருக்கிறது: மற்ற சாஃப்ட்வேர்கள் பல ஜிபி இறங்கும்போது இது சில பத்து எம்பிக்குள் இறங்கி ஒரு நிமிடத்தில் நிறுவப்பட்டுவிடும், பென் டிரைவில் வைத்துக்கூட ஓட்டலாம், லினக்ஸிலும் ஓடும். பழைய லேப்டாப்பிலும் இருபது டிராக் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனிப் பதிவு வரிசை) வைத்து மூச்சு வாங்காமல் வேலை செய்கிறது.

விலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 60 நாள் முழு வசதியோடு இலவசம், எதையும் பூட்டி வைப்பதில்லை. அதற்குப் பிறகு தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 டாலருக்குள் சம்பாதிக்கும் சின்னத் தொழிலுக்கும் 60 டாலர், நம் பணத்தில் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதைத் தாண்டினால் 225 டாலர். மாதச் சந்தா கிடையாது. இப்போதைய 7-ஆம் பதிப்பை வாங்கினால் 8-ஆம் பதிப்பு முடியும்வரை அப்டேட் இலவசம். 60 நாள் முடிந்த பிறகும் அது நிற்காமல் ஓடும், திறக்கும்போது ஒரு நினைவூட்டல் மட்டும் வரும். அதைப் பார்த்துவிட்டு வருடக்கணக்கில் காசு கொடுக்காமல் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து வாங்கிவிடுங்கள். இவ்வளவு நேர்மையாக விற்கிறவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும்.

சினிமா ஸ்டூடியோக்களில் புரோ டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர்தான் இருக்கிறது, அதைப் பழகினால்தானே மதிப்பு என்று சிலர் சொல்வார்கள். ஸ்டூடியோவில் இன்ஜினியர் வேலைக்குப் போகப்போகிறவருக்கு அது சரி. வீட்டில் பாடுகிறவருக்கு அந்தக் கவலை தேவையே இல்லை. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக்தான். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், குரல், வயலின், தம்பூரா, கஞ்சிரா என்று வைத்துப் பாருங்கள், கோரஸ் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். வெளியே மிக்ஸிங்குக்குக் கொடுக்க வேண்டுமென்றாலும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து அனுப்பினால் எந்த ஸ்டூடியோவிலும் திறக்கும். அடாசிட்டி முழுக்க இலவசம், பேச்சு, பாட்காஸ்ட் வேலைக்கு அருமை, ஆனால் பல டிராக் மிக்ஸிங் என்று வந்தால் அதில் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். மேக் வைத்திருந்தால் ஆப்பிளின் கராஜ்பேண்டில் தொடங்கி லாஜிக்குக்குப் போவது நல்ல வழி. விண்டோஸில் அவை இரண்டும் கிடையாது.

இனி எனக்கு மிகப் பிடித்த விஷயம். கர்நாடக இசை பதிவு செய்கிறவர்களுக்கு ரீப்பர் பொருந்துகிற அளவுக்கு வேறு எதுவும் பொருந்தி நான் பார்க்கவில்லை. பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் நாலு நாலு அடியாகவே யோசிக்கும், மெட்ரோனோம் நாலுக்கு ஒரு முறை அழுத்தித் தட்டும், ஆதி தாளத்தில் பாடுகிறவருக்கு அது எங்கோ இடிக்கும். ரீப்பரில் மெட்ரோனோமின் தட்டு வரிசையை நாமே எழுதலாம். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அடி வைத்து, ஏபிபிபி ஏபி ஏபி (ஏ அழுத்தமான தட்டு, பி சாதாரணத் தட்டு) என்று கொடுத்தால், தாளத்தின் பகுதிகளான லகு நாலு, திருதம் இரண்டு, திருதம் இரண்டு என்று சரியான இடத்தில் அழுத்தம் விழும். மிச்ர சாபுக்கு ஏழு அடியை 3, 2, 2 என்று பிரித்துக்கொள்ளலாம். ஆலாபனைக்கு மெட்ரோனோமும் வேண்டாம், திரையில் அடிகளைக் காட்டும் கட்டமும் வேண்டாம். துண்டுகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைத்துவிட்டுத் தம்பூராவை ஹெட்ஃபோனில் விட்டுப் பாடிக்கொண்டே போகலாம், வெட்டி ஒட்டும்போது எந்தத் துண்டும் கட்டத்துக்கு ஓடி ஒட்டிக்கொள்ளாது.

சுருதி திருத்தத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ரீப்பரோடு வரும் ரீடியூன் என்ற சுருதி திருத்தும் கருவியோ வேறு எந்த ஆட்டோ டியூனோ, தானியங்கியாக விட்டால் குரலைப் பக்கத்தில் உள்ள ஸ்வரத்துக்கு இழுத்து நிறுத்தும். தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் தோடி, அதை இழுத்து நிறுத்தினால் ராகமே போய்விடும். பிசகிய ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அந்தத் துண்டுக்கு மட்டும் எஃபெக்ட் போடும் வசதி ரீப்பரில் இருக்கிறது, அதுதான் இதற்குச் சரியான வழி. 'ப' சத்தம் மைக்கில் வெடித்த ஒரே ஒரு சொல்லுக்கும் இதே வழிதான், முழு டிராக்கையும் தொட வேண்டியதில்லை. 7-ஆம் பதிப்பில், ஒரே வரியைப் பல டேக், அதாவது பல முறை, பாடிவிட்டு நல்ல பகுதிகளை மவுஸால் தேய்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்திருக்கிறது.

கூடவே வரும் ரீஈக்யூ (சத்தத்தின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது), ரீகாம்ப் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) இரண்டும் பார்க்க அழகில்லை, வேலையில் குறையே இல்லை. கடைசியில் பாட்டை ஏற்றுமதி செய்யும்போது சத்த அளவை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று அங்கேயே குறிப்பிடலாம், ஸ்பாட்டிஃபையும் அந்த அளவைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

குறைகள் இருக்கின்றன. இதில் வாத்தியங்கள் கிடையாது. மின்னணு ஒலி எழுப்பும் ஒரு எளிய சிந்த் இருக்கிறது, அவ்வளவுதான். பியானோவோ ஸ்ட்ரிங்ஸோ வேண்டுமென்றால் வெளியிலிருந்து பிளக்-இன் (ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன சாஃப்ட்வேர்) தேட வேண்டும். மெனுக்கள் ரொம்ப நீளம், புதிதாக வருகிறவருக்கு முதல் வாரம் எரிச்சலாகவே இருக்கும். எதையும் நம் விருப்பப்படி மாற்றலாம் என்பது இதன் பலம், ஆனால் எங்கே மாற்றுவது என்று தேடியே ஒரு மாலை போய்விடும்.

இறக்கியவுடன் இரண்டு வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். புராஜெக்டைச் சேமிக்கும்போது, தனி ஃபோல்டர் உருவாக்கி ஆடியோவையும் அதற்குள் நகலெடுக்கச் சொல்லும் டிக்குகளைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபைல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். அப்புறம் செட்டிங்ஸில் சில நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும்படி வையுங்கள், கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் ஒரு மோனோ (ஒற்றைச் சேனல்) டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி ஆகும், இருபது டிராக் வைத்த ஐந்து நிமிடப் பாட்டு 860 எம்பியைத் தாண்டிவிடும். அதனால் ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.