கேப்னோகிராஃப் அளவுத்திருத்தம்: மின்னழுத்தக் கணக்கா, வாயு உருளையா, டிஜிட்டல் இணைப்பா?

வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபைக் கணினியோடு இணைத்து, லேப்சார்ட், அக்நாலெட்ஜ், வைட்டல் ரெக்கார்டர் போன்ற மென்பொருள்களில் பதிவு செய்பவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. கருவியின் திரையில் தெரியும் 38 என்ற எண் கோப்பிலும் 38 ஆகவே சேமிக்கப்படுகிறதா என்பது ஒன்று. திரையில் தெரியும் அந்த 38 முதலில் சரிதானா என்பது மற்றொன்று. முதல் கேள்வி மின்னிணைப்பைச் சார்ந்தது; இரண்டாவது கேள்வி வாயுவையும் ஒளியையும் சார்ந்தது. நடைமுறையில் ‘காலிபரேஷன்’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எளிது. இங்கே ஒப்பிடப்படும் மூன்று வழிகளையும், எந்தப் பிழை எந்த இடத்தில் திருத்தப்படுகிறது என்ற கோணத்திலிருந்து பார்ப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

கருவிக்குள் நடப்பதைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை வலுவாக உறிஞ்சுகிறது. எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்பதிலிருந்து வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. உறிஞ்சுதலும் வாயுவின் அளவும் நேர்விகிதத்தில் செல்வதில்லை. அந்த வளைவைக் கருவிக்குள் இருக்கும் கணக்கீடுதான் நேர்கோடாக்குகிறது. பின்புறமுள்ள அனலாக் வெளியீடு, பெரும்பாலான நவீன கருவிகளில், அவ்வாறு கணக்கிட்டு முடித்த எண்ணை மீண்டும் மின்னழுத்தமாக மாற்றித் தருவதேயாகும். ஆகவே அந்தச் சாக்கெட்டில் கிடைக்கும் வோல்ட்டில் கருவியின் சொந்தப் பிழையும், எண்ணை மின்னழுத்தமாக்கும்போது சேரும் பிழையும், அந்த மின்னழுத்தத்தைக் கணினிக்கான எண்ணாக மாற்றும் பதிவுப்பெட்டியின் உள்ளீட்டில் சேரும் பிழையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

முதல் வழி, கையேட்டில் உள்ள விகிதத்தை மென்பொருளில் எழுதிவிடுவது. 0 வோல்ட் என்றால் 0, 1 வோல்ட் என்றால் 100 மி.மீ. பாதரசம் என்று கையேடு கூறினால், லேப்சார்ட்டின் அலகு மாற்றச் சாளரத்திலோ அக்நாலெட்ஜின் ஸ்கேலிங் சாளரத்திலோ அந்த நான்கு எண்களைத் தட்டச்சு செய்தால் வேலை முடிந்தது. வாயு உருளை வேண்டாம், செலவும் இல்லை. மூச்சின் வேகத்தையும் வரைகோட்டின் வடிவத்தையும் மட்டும் காட்ட வேண்டிய மாணவர் செய்முறை வகுப்புக்கு இதுவே போதும்.

எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இது போதாது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். வெளியீட்டின் பூஜ்யம் 8 மில்லிவோல்ட் மேலே நிற்கிறது. மின்னழுத்தம் ஏறும் விகிதமோ 2 விழுக்காடு குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான மதிப்பு 40 ஆக இருக்கும்போது வெளிவருவது 0.392 வோல்ட்டோடு 0.008 வோல்ட், அதாவது மிகச் சரியாக 0.400. மென்பொருளும் 40 என்றே காட்டும். திரையையும் கோப்பையும் இயல்பான மூச்சில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பவர் மனநிறைவோடு எழுந்துவிடுவார். ஆனால் உள்ளிழுக்கும் மூச்சில் கோடு 0.8 இல் நிற்கும். மறுமூச்சு, அதாவது வெளிவிட்ட வாயுவையே மீண்டும் உள்ளிழுப்பது, நடக்கிறதோ என்ற ஐயத்தை அது வீணாக எழுப்பும். மறுகோடியில் உண்மையான 80 என்பது 79.2 ஆகப் பதிவாகும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்ளும் இடம் நாம் வழக்கமாகச் சோதிக்கும் இடமாகவே அமைந்துவிடக் கூடும் என்பதால்தான், ஒரே புள்ளியில் செய்யும் சரிபார்ப்பை நான் அளவுத்திருத்தமாக ஏற்பதில்லை. தம் மூச்சையே ஊதிப் பார்த்து 40 வந்தால் சரி என்று கொள்ளும் பழக்கத்துக்கும் இதே குறை பொருந்தும். ஆரோக்கியமான ஒருவரின் மூச்சிறுதி மதிப்பு 35 முதல் 45 வரை எங்கும் இருக்கலாம் என்பதால், அங்கே ஒப்பிடுவதற்கு நிலையான மதிப்பு என்று எதுவுமே இல்லை.

இரண்டாவது வழி, தெரிந்த அளவு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவை மாதிரிக்குழாயின் நுனியிலிருந்தே செலுத்தி, பதிவு மென்பொருள் வரையுள்ள முழுச் சங்கிலியையும் ஒரே முறையில் திருத்துவது. பூஜ்யத்துக்கு அறைக்காற்று போதும். அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 0.04 விழுக்காடுதான். ஆட்கள் நிறைந்த மூடிய அறையாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும் சோடா லைம் வழியாகச் செலுத்திய காற்றைப் பயன்படுத்துவது நல்லது. மேல்புள்ளிக்கு 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, 21 விழுக்காடு ஆக்சிஜன், மீதி நைட்ரஜன் என்ற கலவை மிகப் பொருத்தமானது. ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடின் உறிஞ்சும் பட்டையின் அகலத்தை மாற்றுவதால், நைட்ரஜனில் மட்டும் கலந்த வாயுவைவிட, அளக்கப்போகும் மூச்சை ஒத்த கலவையே மேலானது.

இந்த வழியில் பிழை நுழையும் இடம் பெரும்பாலும் குழாய் இணைப்புதான். மூச்சின் ஒரு பகுதியை மெல்லிய மாதிரிக்குழாய் வழியாக இழுத்து அளக்கும் சைட்ஸ்ட்ரீம் கருவி நிமிடத்துக்கு 50 முதல் 250 மில்லிலிட்டர் வரை தானே உறிஞ்சிக்கொள்ளும். உருளையின் ரெகுலேட்டரை மாதிரிக்குழாயோடு நேரடியாக இணைத்தால் அளவறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அதே 5 விழுக்காடு வாயு கூடுதலாகக் காட்டும். இடையில் ஒரு டி-குழாயைப் பொருத்தி, அதன் ஒரு கையைத் திறந்தே விட வேண்டும். உருளையிலிருந்து வரும் ஓட்டம் கருவி உறிஞ்சுவதைவிடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும். திறந்த கையில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் நுனியைத் தண்ணீர்ப்பரப்புக்கு அருகில் பிடித்தால், மெல்லிய சலனம் தெரியும். உபரி வாயு வெளியேறுகிறது, அறைக்காற்று உள்ளே கலக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிடக் கூடாது, அமிழ்த்தினால் மீண்டும் அழுத்தம் சேரும். கோடு மேலேறிச் சமதளமாகி அசையாமல் நின்ற பிறகே மேல்புள்ளியைக் குறிக்க வேண்டும். லேப்சார்ட்டில் பதிவான கோட்டின் அந்தச் சமதளப் பகுதியைத் தேர்ந்து அதற்குரிய மதிப்பைத் தரலாம். அக்நாலெட்ஜின் ஸ்கேலிங் சாளரத்தில், வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் புள்ளிக்கும் இரண்டாம் புள்ளிக்கும் உரிய பொத்தான்களை அழுத்தி உள்ளீட்டைப் பிடித்துக்கொள்ளலாம். பதிவுக்குப் பின் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிவதால், இந்த ஒரு வேலைக்கு லேப்சார்ட்டின் முறையே எனக்கு வசதியாகப் படுகிறது.

அடுத்து, மேல்புள்ளிக்கு என்ன எண்ணைத் தருவது என்ற கேள்வி எழுகிறது. விழுக்காட்டில் பதிவு செய்தால் 5 என்று எழுதிவிடலாம். மி.மீ. பாதரசத்தில் வேண்டுமென்றால் அன்றைய காற்றழுத்தம் தேவை. கடல்மட்டத்தில் 760 என்று கொண்டால், உலர்ந்த வாயுவில் 5 விழுக்காடு என்பது 38 மி.மீ. ஆனால் நுரையீரலில் உள்ள வாயு 37 டிகிரியில் நீராவியால் நிறைந்தது. அந்த நீராவியின் அழுத்தம் 47 மி.மீ. அதைக் கழித்துக் கணக்கிட்டால் அதே 5 விழுக்காடு 35.65 ஆகிறது. உருளையின் வாயு உலர்ந்தது, நோயாளியின் மூச்சு ஈரமானது என்பதால், கருவி எந்த மரபில் எண்ணைக் காட்டுகிறது என்று அமைப்புப் பட்டியலில் பார்க்காமல் 38 என்று தட்டச்சு செய்வது இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான நிரந்தரப் பிழையை நாமே உட்கார வைப்பதாகும். உயரமும் கணக்கில் வரும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் 580 மி.மீ. அளவிலேயே இருப்பதால், உலர்ந்த 5 விழுக்காடு அங்கே சுமார் 29 மி.மீ. மட்டுமே. சென்னையில் மி.மீ. கணக்கில் அமைத்த கோப்பை அங்கே எடுத்துச் சென்று அதே உருளைக்கு 38 என்று எழுதினால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கருவிக்குள் வளைவு சரியாக நேராக்கப்பட்டிருந்தால் இரு புள்ளிகள் போதும். அது சரியாக இருக்கிறதா என்று இரு புள்ளிகளாலேயே அறிய முடியாது. 10 விழுக்காடு கொண்ட இன்னொரு உருளை கிடைக்குமானால், அதைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் சரிபார்ப்புக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது மிகுந்த பயன் தரும்.

இந்த இரண்டாவது வழியில் ஓர் ஆபத்து உண்டு. கருவி 38 க்குப் பதில் 36 காட்டுகிறது என்று கொள்வோம். முழுச் சங்கிலியையும் மென்பொருளில் திருத்தியதால் கோப்பில் 38 என்று சரியாகப் பதிவாகிறது. சில வாரங்களில் பராமரிப்புக்கு வந்த பொறியாளர் கருவியையே வாயு கொண்டு திருத்திவிட்டுச் செல்கிறார். கருவி இப்போது 38 காட்டுகிறது. மென்பொருளில் பழைய பெருக்கல் அப்படியே இருப்பதால் கோப்பில் 40.1 ஏறுகிறது. இருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்; பிழை மட்டும் புதிதாகப் பிறந்திருக்கிறது. அதனால்தான் வாயுப் பிழையைக் கருவியிலேயே திருத்தி, மின்னழுத்தப் பிழையை மட்டும் மென்பொருளில் திருத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கருவியின் உள் அளவுத்திருத்தத்தைத் திறக்கவே முடியாத பழைய இயந்திரம் வைத்திருக்கும் ஆய்வுக்கூடங்கள் மட்டும் முழுத் திருத்தத்தையும் மென்பொருளில் வைக்கலாம். அங்கும் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் புதிதாகச் செய்வதே முறை. நோயாளியின் படுக்கை அருகில் இதற்கு இடமே இல்லை. மருத்துவர் திரையில் 36 ஐப் பார்த்து முடிவெடுக்கும்போது கோப்பு 38 என்று சாட்சி சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

மூன்றாவது வழியான டிஜிட்டல் இணைப்பில் மின்னழுத்தம் என்ற இடைநிலையே இல்லை. ஆர்எஸ்-232 போன்ற தொடர் இணைப்பு வழியாகக் கருவி தன் எண்ணை எண்ணாகவே அனுப்புகிறது. திரையும் கோப்பும் ஒன்றாகவே இருக்கும். கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான வைட்டல் ரெக்கார்டர் இந்த வகையைச் சேர்ந்தது. 2018 இல் வெளியிடப்பட்ட அந்த இலவச மென்பொருளைக் கொண்டு தொகுக்கப்பட்ட 6,388 அறுவை சிகிச்சைகளின் பொதுத் தரவுத்தொகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. இதயமின் வரைபடம் அனலாக் வழியாக வினாடிக்கு 500 புள்ளிகளாகவும், கார்பன் டை ஆக்சைடு அலை மயக்க மருந்து இயந்திரத்திலிருந்து டிஜிட்டல் வழியாக 62.5 புள்ளிகளாகவும் பதிவாகியுள்ளன. மூச்சு மெதுவாக மாறுவது என்பதால் அதற்கு 62.5 தாராளம், இந்த அலைக்கு டிஜிட்டல் வழியைத் தேர்ந்தது சரியான முடிவு.

ஆனால் டிஜிட்டல் என்ற சொல் துல்லியத்துக்கான சான்றிதழ் அல்ல. மூச்சு வாயுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 80601-2-55 தரம் அனுமதிக்கும் பிழை, கன அளவில் 0.43 விழுக்காடும் அளக்கப்படும் வாயுவின் அளவில் 8 விழுக்காடும் சேர்ந்தது. 5 விழுக்காடு வாயுவுக்கு இது 0.83 விழுக்காடு ஆகிறது; கடல்மட்டத்தில் ஏறத்தாழ 6 மி.மீ. தரத்துக்கு உட்பட்ட கருவியே இவ்வளவு விலகலாம் என்னும்போது, டிஜிட்டல் இணைப்பு அந்த விலகலை ஒரு தசமமும் குறையாமல் அப்படியே எடுத்துவந்து கொடுக்கும். ஆகவே இங்கும் வாயு உருளை வேண்டும். திருத்துவதற்காக அல்லாமல் சரிபார்ப்பதற்காக.

அனலாக்கைவிட டிஜிட்டல் தெளிவாக மேலோங்கும் இடம் ஒன்று உண்டு. சைட்ஸ்ட்ரீம் கருவிகள் பல, அவ்வப்போது தாமாகவே பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்கின்றன. அந்தச் சில வினாடிகளில் அலை நின்றுவிடும். அனலாக் பதிவில் அது மூச்சு நின்றதைப் போன்ற தட்டையான கோடாக மட்டுமே தெரியும். டிஜிட்டல் நெறிமுறை பல கருவிகளில் நிலைக்குறியீட்டையும் சேர்த்து அனுப்புவதால், பூஜ்யச் சரிசெய்தல் என்று பின்னர் அடையாளம் காண முடிகிறது. மூச்சு நின்ற நிகழ்வுகளைக் கோப்பிலிருந்து எண்ணப்போகும் ஆய்வாளருக்கு இந்த ஒரு வேறுபாடே வழியைத் தீர்மானிக்கப் போதுமானது. அனலாக் வழியில்தான் செல்ல வேண்டியிருந்தால், கருவியின் திரையில் அந்த அறிவிப்பு தோன்றும்போதெல்லாம் கோப்பில் குறிப்பு இட வேண்டும்.

நேரப் பொருத்தத்தில் அனலாக் முந்துகிறது. மாதிரிக்குழாய் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்டது என்றால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1.6 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் ஓட்டத்தில் வாயு அதைக் கடக்க அரை வினாடி போதும். 50 மில்லிலிட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 1.9 வினாடி ஆகும். இந்தத் தாமதம் எல்லா வழிகளுக்கும் பொது. டிஜிட்டல் வழியில் இதன்மேல் தொடர்பு நெறிமுறையின் தாமதமும் சேர்கிறது. கருவிக்கும் கணினிக்கும் கடிகாரம் வேறு என்பதால், நீண்ட பதிவில் அது நிலையாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. மூச்சோட்டத்தோடு பெருக்கி, ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறும் வாயுவின் கன அளவைக் கணக்கிட வேண்டுமானால், இரண்டு அலைகளும் ஒரே பதிவுப்பெட்டியில், ஒரே கடிகாரத்தில் ஏற வேண்டும். வாயு உருளையை இணைத்திருக்கும்போதே இந்தத் தாமதத்தையும் அளந்துவிடலாம். டி-குழாயில் ஒரு சொலினாய்டு வால்வைப் பொருத்தி, அதைத் திறக்கும் மின்சமிக்ஞையை இரண்டாவது சேனலில் பதிவு செய்தால், சமிக்ஞைக்கும் கோடு எழுவதற்கும் உள்ள இடைவெளி தாமதம். 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஏற எடுக்கும் நேரம் கருவியின் வேகம். தாமதத்தைச் சேனலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஏறும் வேகம் மந்தமாக இருந்தால் அதை எந்த நகர்த்தலாலும் மீட்க முடியாது. குழாயைச் சுருக்குவதோ ஓட்டத்தைக் கூட்டுவதோதான் வழி.

பதிவு முடிந்தபின் அதே 5 விழுக்காடு வாயுவை மீண்டும் ஒருமுறை செலுத்தி, அந்தப் பகுதியையும் கோப்பிலேயே விட்டுவைக்க வேண்டும். தொடக்கத்துக்கும் இறுதிக்கும் உள்ள வேறுபாடு அமர்வின் நகர்வைக் காட்டும். அதோடு அன்றைய காற்றழுத்தம், உருளையின் சான்றிதழில் உள்ள செறிவும் அதன் காலாவதித் தேதியும், உலர் மரபா ஈர மரபா என்பது, ஓட்ட வேகம், குழாயின் நீளம் ஆகியவற்றைக் கோப்பின் முதல் குறிப்பாக எழுதி வைத்தால், மென்பொருளில் தவறான மேல்புள்ளி தரப்பட்டிருந்தாலும் அந்தப் பதிவை ஆண்டுகள் கழித்தும் திரும்பக் கணக்கிட முடியும்.