பதினெட்டுக் குழு, ஒரு பென்சில்: மூன்று வருடத்துக்கு மேலான அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஐஸ் விற்கிறவனுக்கு அப்படி என்ன தகவல் வந்து குவியும் என்று கேட்கலாம். என் போனில் 18 வாட்ஸ்அப் குழுக்கள். சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) குழு, லோடு வண்டிக் குழு, இறால் விலை, நண்டு விலை, கம்பெனிக்குள்ளேயே மூன்று. காற்று கொஞ்சம் ஏறினால் போதும், ஒரே எச்சரிக்கை ஏழு குழுவில் வந்து விழும். அதில் இரண்டு போன வருடத்தது. தேதி இருக்காது.

2022 மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இதற்கு ஒரு வழி பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்கு மட்டும் ஐஸ். யோசிக்க நேரம் கிடைத்தது. எல்லாக் குழுவையும் மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டேன். முன்பெல்லாம் புது மெசேஜ் வந்தால் ஆர்க்கைவில் இருப்பது திரும்ப மேலே வந்து நிற்கும். 2021-க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஐந்து, மூன்று முறைதான் பார்ப்பது. செய்ய வேண்டியதை மட்டும் ஒரு ரஃப் நோட்டில் எழுதுவது. அவசரம் என்றால் போன் அடியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

தடைக்காலம் முடிந்த கொஞ்ச நாளிலேயே அடி விழுந்தது. ஆறு மணிக்குப் பார்த்து மூடிவிட்டேன். ஆறே காலுக்கு, காற்று அதிகம், இன்றைக்கு டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கிடையாது என்று செய்தி. ஒருவரும் போன் அடிக்கவில்லை. அதற்குள் ஐந்து போட்டுக்கு (விசைப்படகுக்கு) ஐஸ் உடைத்தாகிவிட்டது. பாராக, அதாவது முழு ஐஸ் கட்டியாக இருந்தால் அறையில் திரும்ப அடுக்கலாம். உடைத்ததை என்ன செய்வது? அன்றே டோக்கன் குழுவை மட்டும் வெளியே எடுத்து, அதற்குத் தனி மணிச் சத்தமும் வைத்தேன்.

நோட்டு விஷயத்தில் பால்பாயிண்ட் பேனா உதவவே இல்லை. ஐஸ் தண்ணீர் பட்ட தாளில் அது வழுக்கிக்கொண்டே போகும், எழுதாது. பென்சில் எழுதும். இப்போது விரித்திருக்கும் பக்கம் ஓரம் சுருங்கி, மீன் வாடையோடு இருக்கிறது. ‘புதன், 3 போட்டு, 90 பார்’ என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு குறை, தேட முடியாது. மாதக் கடைசியில் பாக்கித் தகராறு வந்தால் வாட்ஸ்அப்பில்தான் தேடுகிறேன். அதனால் குழுக்களை விட்டு வெளியேறுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எச்சரிக்கைக்கு ஒரே கணக்கு: தேதி இல்லாதது நோட்டில் ஏறாது. வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பேன், பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்பேன். அத்தோடு சரி.

இன்றுவரை அடங்காதது வாய்ஸ் மெசேஜ். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சம்மாட்டி பைக்கில் போய்க்கொண்டே பேசி அனுப்புவார். ஒருநாள் காற்று பாதியை விழுங்கி, ‘...பது பார்’ மட்டும் கேட்டது. இருபதா, அறுபதா? அறுபது ஏற்றினேன். அவர் கேட்டிருந்தது இருபது. எழுதி அனுப்புங்கள் அண்ணே என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இப்போது வாய்ஸும் அனுப்புகிறார், அனுப்பிய கையோடு போனும் அடிக்கிறார்: “தம்பி, நான் பேசினதைக் கேட்டியா?”